செக்ரோல் முதல் வட்டடுக்கு வரை

கேகாலை மாவட்டத்திலே, களனி கங்கைப் பள்ளத்தாக்கை அடுத்து அமைந்த ஊர் ருவான்வெல்லை. அதனைச் சூழ்ந்த குன்றுகளிலே றப்பர் மரங்கள் நிறைந்து நிற்கின்றன. 1876ஆம் ஆண்டிலே இலண்டன் மாநகரின் கியூ பூங்காவிலிருந்து ஹெனரத்கொடைக்கு வந்து சேர்ந்த கன்றுகளைத் தொடக்கமாகக் கொண்டு இந்நாட்டிற் பரவிய பயிர் அது. அம்மரங்களில் பால் வெட்டும் தொழிலுக்கெனத் தமிழகத்திலிருந்து வந்த மக்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கு வாழ்கின்றனர். அவர்களுடைய வாழ்வைத் தலைமுறை தலைமுறையாக அளந்து வந்த ஏடு ஒன்றுண்டு. அதுவே தோட்டத்துச் செக்ரோல்.

விடியற்காலையிலே பெரட்டுக் களத்தில் ஆட்கள் கூடுவர். எவரெவர் வேலைக்கு வந்தனர் என்பது அங்கே குறிக்கப்படும். முழுநாள் வேலை செய்தவருக்கு ஒரு ‘பேர்’. அரைநாளோடு நின்றவருக்கு ‘அரைப்பேர்’. அவரவர் பெயருக்கு நேரே, அந்தந்த நாளுக்குரிய கட்டத்தில், ஒரு சிறு குறி விழும். மாதம் முடிந்ததும் கந்தோரிலே அவ்வேட்டைத் தலை முதல் கால் வரை படித்து, பேர்களைக் கூட்டி, கொடுத்த முற்பணத்தைக் கழித்துச் சம்பளம் போடுவர். ஆகவே, அவ்வேட்டுக்கு இருவகைப் பணிகள் உண்டு. நாள்தோறும் ஆங்காங்கே சிறுசிறு குறிகளை எழுதுவது ஒன்று. மாத முடிவிலே முழுவதையும் ஒரே ஓட்டமாகப் படிப்பது மற்றொன்று. இவ்விரண்டின் வேறுபாட்டை நேயர்கள் மனத்திலிருத்திக் கொள்வது நன்று. பின்னர்க் கூறப்போகும் செய்திகள் யாவும் அதனைச் சுற்றியே அமைவன.

ஏட்டில் எழுதிய பெயர் எத்துணைப் பெறுமதியுடையது என்பதை மலையகத் தோட்ட மக்கள் பிறரினும் நன்கறிவர். 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் பிரஜாவுரிமைச் சட்டம், 1946ஆம் ஆண்டு ஜனவரி 1ஆந் திகதிக்கு முன்னர் மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இந்நாட்டில் இடையறாது வாழ்ந்தமையை எண்பிக்குமாறு கேட்டது. எண்பிப்பதற்கு எழுத்து வேண்டும். எழுத்து இருப்பதற்கு ஏடு வேண்டும். எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் குவிந்தன. உரிமை பெற்றோரோ ஏறத்தாழ 1,34,000 பேரே. மறுக்கப்பட்டமைக்குக் காரணங்கள் பல உண்டெனினும், தகுந்த பத்திரம் காட்ட இயலாமை அவற்றுள் ஒன்று. அதன்பின் 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க ஊழியர் சேமலாப நிதிச் சட்டம் வந்தது. உழைத்த மாதங்களின் பதிவே முதுமைக்காலத்துச் சோறாயிற்று.

இத்தகைய ஏடுகள் இப்பொழுது கணினிக்குள் குடியேறிவிட்டன. தரவுத்தளம் என்பது அவற்றின் இன்றைய பெயர். அவை நெடுங்காலம் எழுதப்பட்டு வந்த தாள், காந்தப் பூச்சுடைய சுழலும் வட்டு. ஒரு வட்டுப் போதாதபோது பல வட்டுகளை ஒன்றாகச் சேர்த்து வட்டடுக்கு ஆக்குவர். அவற்றை எம்முறையில் அடுக்கினால் பதிவு விரைவாக நடக்கும், எம்முறையில் அடுக்கினால் பதிவு அழியாதிருக்கும், இவ்விரண்டுக்கும் எவ்வளவு பணம் செல்லும் என்னும் மூன்று வினாக்களுக்கு விடை தேடிய கதையே வட்டடுக்கின் வரலாறு.

அக்கதை 1956ஆம் ஆண்டிலே தொடங்குகின்றது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துச் சான் ஹோசே நகரில், ஐ.பி.எம். நிறுவனத்தார் ராமாக் என்னும் பொறியை உருவாக்கினர. இரண்டடி விட்டமுடைய 50 வட்டுகள் ஒரு தண்டிலே கோக்கப்பட்டு நிமிடத்துக்கு 1,200 முறை சுழன்றன. அவை அனைத்திலுமாக அடங்கியது 50 இலட்சம் எழுத்துகளே. அதற்கு முன்னர்ப் பதிவுகள் துளையிட்ட அட்டைகளிலும் காந்த நாடாவிலும் இருந்தன. நாடாவிலே நடுவிலுள்ள ஒரு பெயரைக் காண்பதற்கு அதற்கு முன்னுள்ளவை யாவும் ஓடிக் கழிய வேண்டும். ராமாக் பொறியிலோ, வேண்டிய பக்கத்தை நேரே திறக்கலாம். ஆயினும் 50 வட்டுகளுக்கும் பொதுவாக இருந்தது ஒரே கைதான். அக்கை ஒரு வட்டிலிருந்து விலகி, மேலோ கீழோ நகர்ந்து, மற்றொரு வட்டினுள் நுழைந்து, உரிய இடத்தை அடைவதற்குச் சராசரி ஒரு செக்கனில் பத்தில் ஆறு பங்கு நேரம் சென்றது.

இங்கே வெளிப்பட்ட உண்மை பின்னர் மாறவேயில்லை. வட்டிலே நேரம் போவது எழுதுவதில் அன்று. எழுதவேண்டிய இடத்தைத் தேடிக் கை நகர்வதிலும், அவ்விடம் சுழன்று கையின் கீழ் வந்து சேரும்வரை காத்திருப்பதிலுமே. நிமிடத்துக்கு 7,200 முறை சுழலும் வட்டை எடுத்துக்கொள்வோம். பாதிச் சுற்றுக்கு மட்டும் 4 மில்லிசெக்கனுக்குச் சற்று மேலாகின்றது. கை நகர்வதற்கு அதனினும் மிகுதியாகச் செல்லும். ஆகவே, ஆங்காங்கே சிதறிய சிறு பதிவுகளாயின் ஒரு செக்கனில் அது செய்யக்கூடியவை ஏறத்தாழ நூறுதான். அதே வட்டு, கையை அசைக்காமல் தொடர்ச்சியாகப் படிக்கும்போது ஒரு செக்கனில் பத்துக் கோடிக்கு மேற்பட்ட எழுத்துகளைத் தந்துவிடும். செக்ரோலின் நாட்குறிக்கும் மாத முடிவுக் கூட்டலுக்கும் இடையிலுள்ள வேறுபாடே இங்கும் காணப்படுகின்றது.

1970ஆம் ஆண்டிலே, அதே சான் ஹோசே ஆய்வுகூடத்தைச் சேர்ந்த எட்கார் கொட் என்னும் அறிஞர், பதிவுகளை அட்டவணைகளாக வகுத்து அவற்றை ஒன்றோடொன்று தொடர்புபடுத்தும் முறையை வெளியிட்டார். வங்கிகளும் விமான நிறுவனங்களும் தம் ஏடுகளைக் கணினியிடம் ஒப்படைத்து வந்த காலம் அது. நூற்றுக்கணக்கானோர் ஒரே வேளையில் ஒரே ஏட்டைத் திறந்து எழுத முற்பட்டனர். ஒரு வட்டுப் பழுதானால் ஒரு வங்கியின் வாயிலே அடைபடும் நிலை தோன்றியது.

இதற்கு முதலிற் கண்ட மருந்து மிக எளியது. எதனையும் இரு வட்டுகளில் எழுதுவது. 1976ஆம் ஆண்டில் முதற் பொறியை வெளியிட்ட டாண்டம் என்னும் நிறுவனம் இரட்டைப் பிரதி முறையைத் தன் பொறிகளின் உயிர்நாடியாகக் கொண்டது. ஒன்று பழுதானாலும் மற்றொன்று பணியைத் தொடரும். அன்றியும், படிப்பதற்கு இரு கைகள் கிடைத்தமையால் படிக்கும் வேகமும் பெருகிற்று. இதன் குறை ஒன்றே. நூறு ரூபாய்க்கு வட்டு வாங்கினால் ஐம்பது ரூபாய்க்குரிய இடமே பயன்படும்.

அக்குறையைத் தீர்க்கப் பிறந்ததே இன்று ரெயிட் என வழங்கும் முறை. கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பாற்றர்சன், கார்த் கிப்சன், ராண்டி காற்ஸ் ஆகிய மூவரும் 1988ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் சிகாகோ நகரில் நடந்த மாநாட்டிலே அதனை விளக்கினர். அக்காலத்துப் பெருங்கணினிகளின் வட்டுக் கருவி ஒன்று 7,500 மெகாபைட் கொண்டது. விலையோ மிக உயர்ந்தது. மேசைக் கணினிக்கென வந்த சிறு வட்டு 100 மெகாபைட் கொண்டது, விலை மலிந்தது. ஒரு யானையை வைத்து இழுப்பதற்குப் பதிலாகப் பல மாடுகளைப் பூட்டினால் என்ன என்று அவர்கள் சிந்தித்தனர். பல வட்டுகள் என்றால் பல கைகள். பல கைகள் என்றால் ஒரே வேளையிற் பல பதிவுகள்.

ஆயின், அவர்களே ஓர் இடரையும் கணக்கிட்டுக் காட்டினர். ஒரு சிறு வட்டு சராசரி 30,000 மணி நேரம் பழுதின்றி உழைக்கும் எனக் கொள்வோம். அத்தகைய 100 வட்டுகளைச் சேர்த்தால், அவற்றுள் ஏதேனும் ஒன்று பழுதாவதற்குச் செல்லும் சராசரி நேரம் 300 மணி; அதாவது இரண்டு வாரத்துக்கும் குறைவு. பதிவு எல்லா வட்டுகளிலும் பரவிக் கிடப்பதால், ஒன்று போனால் அனைத்தும் போனவாறே. ஆகவே வேகத்தை நாடிப் பரப்பியவர், காப்பையும் உடன்சேர்க்க வேண்டியவராயினர். அவர்கள் ஐந்து முறைகளை வகுத்து எண்ணிட்டனர். இரட்டைப் பிரதி முதலாவது. தரவுத்தளப் பணியில் அதனோடு பெரிதும் போட்டியிட்டது ஐந்தாவது.

ஐந்தாம் முறையின் கருத்தைச் செக்ரோலைக் கொண்டே விளக்கலாம். ஏழு பேருடைய எண்கள் ஒரு வரிசையில் உள்ளன. எட்டாவது கட்டத்தில் அவற்றின் கூட்டுத்தொகை உள்ளது. ஒருவருடைய எண்ணின் மீது மை கொட்டி அழிந்துவிட்டது. கவலையில்லை, கூட்டுத்தொகையிலிருந்து மற்ற ஆறு எண்களையும் கழித்தால் அழிந்த எண் கிடைத்துவிடும். கணினி செய்வது இரும எண்களுக்குரிய ஒருவகைக் கூட்டல். ஆயினும் கருத்து இதுவே. எட்டு வட்டுகளில் ஏழின் இடம் பதிவுக்குப் பயன்படும். ஒன்றின் இடம் மட்டுமே கூட்டுத்தொகைக்குச் செல்லும். கூட்டுத்தொகைகள் எல்லாம் ஒரே வட்டில் இருந்தால் ஒவ்வொரு பதிவுக்கும் அவ்வட்டின் வாயிலிலே நெரிசல் உண்டாகும். ஆதலின், அவற்றை எட்டு வட்டுகளிலும் மாறிமாறி வைத்தனர். நான்காம் முறைக்கும் ஐந்தாம் முறைக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

சிக்கனம் மிக்க இம்முறைக்குக் கொடுக்கும் விலை யாது? ஒருவருடைய எண்ணை மட்டும் மாற்றவேண்டும் எனக் கொள்வோம். பழைய எண்ணைப் படிக்கவேண்டும். பழைய கூட்டுத்தொகையைப் படிக்கவேண்டும். புதிய எண்ணை எழுதவேண்டும். புதிய கூட்டுத்தொகையை எழுதவேண்டும். ஒரு சிறு குறிக்கு நான்கு செயல்கள். இரட்டைப் பிரதியிலோ இரண்டு மட்டுமே. ஒரு வட்டு ஒரு செக்கனில் 150 செயல்கள் செய்யும் எனக் கொண்டால் எட்டு வட்டுகள் 1,200 செயல்கள் செய்யும். முழுவதும் படிப்பாயின், எம்முறையிலும் 1,200 வேண்டுகோள்கள் நிறைவேறும். முழுவதும் சிறு எழுத்தாயின், இரட்டைப் பிரதியில் 600. கூட்டுத்தொகை முறையில் 300. நூற்றுக்கு 70 படிப்பும் 30 எழுத்துமாயின், முன்னதில் ஏறத்தாழ 920. பின்னதில் ஏறத்தாழ 630. இடத்திலே மிச்சம் பிடித்தது நேரத்திலே செலவாகி விடுகின்றது.

இக்கணக்கை அறியாது, இடம் மிகுதியாகக் கிடைக்கின்றது என்ற ஒன்றையே கண்டு ஐந்தாம் முறையைத் தேர்ந்தவர்கள், தரவுத்தளம் ஊர்ந்து செல்வதைக் கண்டு மயங்கியதுண்டு. வாங்கும்போது எத்தனை எழுத்துகள் அடங்கும் என்று கேட்டார்களேயன்றி, எத்தனை கைகள் எத்தனை செயல்களைச் செய்யும் என்று கேட்டாரில்லை.

1990ஆம் ஆண்டில் அவுஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில் கூடிய தரவுத்தள மாநாட்டிலே, டாண்டம் நிறுவனத்து ஜிம் கிரே, பொப் ஹோர்ஸ்ற், மார்க் வோக்கர் ஆகியோர் மற்றொரு நுட்பத்தை எடுத்துரைத்தனர். ஒரு பதிவைத் துண்டு துண்டாக்கி எல்லா வட்டுகளிலும் பரப்பினால், ஒருவருடைய சிறு வேண்டுகோளுக்காக எல்லாக் கைகளும் அசைய வேண்டிவரும். ஒரு தபாலைக் கொடுப்பதற்குத் தபாற்கந்தோரின் அத்தனை சேவகர்களும் ஒருங்கே புறப்படுவது போன்றது அது. பெரும் படம் ஒன்றைப் படிப்பதற்கு அப்பரப்பல் ஏற்றது. பலர் பல சிறு பதிவுகளை நாடும் ஏட்டுக்கு ஏற்றதன்று. பின்னதற்கு, ஒரு வேண்டுகோள் ஒரு கையோடு முடியுமாறு துண்டுகள் போதிய அளவு பெரியனவாக இருத்தல் வேண்டும். வட்டடுக்கை அமைப்போர் இன்றும் துண்டின் அளவைக் கவனித்துத் தேர்வதற்குக் காரணம் இதுவே.

இவ்வரலாற்றில் தமிழர் ஒருவரின் பங்கு தனித்துக் கூறத்தக்கது. தமிழ்நாட்டில் வளர்ந்து, சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 1977ஆம் ஆண்டு பட்டம் பெற்றவர் சி. மோகன். ஐ.பி.எம். ஆய்வுகூடத்தில் பணியாற்றிய அவரும் அவருடைய தோழர்களும் 1992ஆம் ஆண்டிலே ஏரிஸ் என்னும் மீட்பு முறையை வெளியிட்டனர். அதன் அடிப்படை, பேரேட்டைத் திருத்துவதற்கு முன்னர் செய்யப்போகும் திருத்தத்தைக் குறிப்பேட்டில் எழுதிவிட வேண்டும் என்பது. இடையில் மின்சாரம் நின்று பொறி வீழ்ந்தாலும், எழுந்தவுடன் குறிப்பேட்டைப் படித்து, முடிந்தவற்றை நிலைநிறுத்தி, முடியாதவற்றை நீக்கிவிடலாம். குறிப்பேட்டை முன்னெழுதும் வழக்கம் அதற்கு முன்னரும் இருந்ததெனினும், அதனை நுணுகி முறைப்படுத்தி நிலைநாட்டியது அவ்வாய்வே.

குறிப்பேடு ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து எழுதப்படுவது. பேரேடு ஆங்காங்கே திருத்தப்படுவது. இரண்டையும் ஒரே வட்டில் வைத்தால், கையானது குறிப்பேட்டுக்கும் பேரேட்டுக்குமாக ஓயாது ஓடவேண்டும். குறிப்பேட்டுக்குத் தனியாக ஒரு சோடி வட்டுகளைக் கொடுத்து இரட்டைப் பிரதியில் வைத்தால், கை இருந்த இடத்திலே நின்று எழுதிக்கொண்டே போகும். சுழலும் வட்டுகளின் காலத்தில் தரவுத்தளத்தை விரைவுபடுத்திய உபாயங்களுள் செலவு குறைந்ததும் பயன் மிகுந்ததும் இதுவென்றால் மிகையாகாது.

மின்தடையைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். கூட்டுத்தொகை முறையில் புதிய எண்ணை எழுதி, கூட்டுத்தொகையை எழுதுமுன் மின்சாரம் நின்றால், இரண்டும் முரண்பட்டு நிற்கும். பின்னர் வேறொரு வட்டுப் பழுதாகும் நாளிலே அத்தவறான தொகையிலிருந்து தவறான எண்ணே மீட்கப்படும். இதனைத் தடுப்பதற்கு, எழுதப்போவதைப் பற்றரியின் துணையுள்ள நினைவகத்தில் முதலில் இருத்தி வைப்பர். அதனால் எழுதுவோரின் காத்திருப்பும் குறைகின்றது. 2022ஆம் ஆண்டு மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டைக் கண்ட நம் நாட்டினருக்கு, அப்பற்றரியின் அருமையை எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

வட்டுகளின் கொள்ளளவு வளர வளரப் புதிய இடர் ஒன்று தோன்றியது. பழுதான வட்டுக்குப் பதிலாகப் புதியது ஒன்றை வைத்து, மற்ற வட்டுகளைப் படித்து அதனை நிரப்பவேண்டும். 10 டெராபைட் வட்டொன்றைச் செக்கனுக்கு 150 மெகாபைட் வீதம் இடைவிடாது நிரப்பினாலும் 18 மணிநேரத்துக்கு மேலாகும். அதற்குள் மற்றொரு வட்டுப் பழுதானால் யாவும் இழக்கப்படும். இரு வட்டுகள் பழுதாயினும் தாங்கும் முறைகளை அறிஞர் நாடினர். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திலே பயின்ற ஜெய் மேனன் உள்ளிட்ட நால்வர் 1995ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை அவற்றுள் புகழ்பெற்றது. இருவகைக் கூட்டுத்தொகைகளை வைப்பதால் காப்பு மிகுகின்றது. ஆயினும் ஒரு சிறு குறிக்கு இப்பொழுது ஆறு செயல்கள் வேண்டும். முன்னைய எட்டு வட்டுகளில் சிறு எழுத்து 200 ஆகச் சுருங்கும். காப்பு இலவசமாக வருவதில்லை.

ஆகவேதான் 2000ஆம் ஆண்டையொட்டி ஒராக்கிள் என்னும் தரவுத்தள நிறுவனத்தார், யாவற்றையும் இரட்டித்துப் பின் பல வட்டுகளிலும் பெரிய துண்டுகளாகப் பரப்புக என்னும் எளிய விதியைப் பரிந்துரைத்தனர். நாள்தோறும் எழுதும் ஏட்டுக்கு அது பொருந்தும். பழைய ஆண்டுகளின் ஏடுகளைப் படிப்பதற்கு மட்டும் வைத்திருக்கும் களஞ்சியத்துக்கோ கூட்டுத்தொகை முறையே போதும். அங்கு எழுத்து அரிது, இடமே பெரிது. இன்று கையே இல்லாத திண்ம நிலை வட்டுகள் வந்து, செக்கனுக்குப் பல்லாயிரம் செயல்களைச் செய்கின்றன. அதனால் பல இடங்களில் இக்கணக்கின் கடுமை தணிந்துள்ளது. ஆயினும் இரண்டு, நான்கு, ஆறு என்னும் விகிதம் பெரிதும் மாறவில்லை. மிகையாக எழுதுந்தோறும் அவ்வட்டுகள் தேய்வதும் உண்டாகையால், வீணான எழுத்து இன்றும் விலையுடையதே.

வட்டடுக்கு எவ்வளவு நேர்த்தியாக அமைந்தாலும், அது செய்யாத வேலை ஒன்றுண்டு. தவறான எண்ணை ஒருவர் எழுதினால், இரட்டைப் பிரதி முறை அத்தவற்றையும் தவறாமல் இரண்டிடத்தில் எழுதிவைக்கும். பதிவை அழிக்குமாறு கட்டளை வந்தால் இரண்டிலும் அழிக்கும். 2023ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் இலங்கை அரசின் மேகக் கணினியமைப்புத் தீய நிரலொன்றினால் தாக்குண்டபோது, அவ்வாண்டு மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையிலான அரச மின்னஞ்சல்கள் மீட்கவியலாது போயின. தொடர்பறுத்துத் தனியே வைத்த பிரதி அக்காலப் பகுதிக்கு இல்லாமையே காரணம். வட்டுப் பழுதாவது வேறு. பதிவு பாழாவது வேறு. முன்னதற்கு வட்டடுக்கு, பின்னதற்கு வேறிடத்தில் வைத்த பிரதி. ஒன்றைக் கொண்டு மற்றதன் வேலையைச் செய்விக்க இயலாது.

எனவே வட்டடுக்கைத் தேர்வோர் விலைப்பட்டியலைப் பார்க்குமுன் தம் ஏட்டைப் பார்த்தல் வேண்டும். நாளொன்றில் எத்தனை முறை எழுதப்படுகின்றது, எத்தனை முறை படிக்கப்படுகின்றது, ஒரே வேளையில் எத்தனை பேர் திறக்கின்றனர், ஒரு மணி நேரம் மூடியிருந்தால் யாருக்கு என்ன இழப்பு என்பனவற்றை அளந்தறிந்த பின்னரே முறை தேர்தல் தகும். றப்பர்த் தோட்டமொன்றின் சம்பள ஏட்டுக்கு நான்கு வட்டுகளும் நல்லதொரு பற்றரியும் வேறூரில் வைத்த பிரதியும் தாராளமாகப் போதும். நாட்டின் சேமலாப நிதிக்கு அவை போதா. அளவு வேறாயினும் அறம் ஒன்றே. இருபதாண்டு பால் வெட்டிய ஒருவர் தமக்குரிய பணத்தைக் கேட்டு வரும் நாளில், அவர் வேலைசெய்த ஒவ்வொரு மாதமும் ஏட்டில் இருத்தல் வேண்டும்; அதனை விரைந்து எடுத்துக் காட்டவும் இயலவேண்டும். ஏட்டைக் காப்போரின் கடன் அதுவே.